ஒன்றாம் எண்ணில் இருந்த புகார்

கம்ப்யூட்டர் திரையில் மெனுவை மாற்றித் தருவது பத்து நிமிட வேலை என்று உங்களில் ஒருவர் போன வாரம் ஒரு வாடிக்கையாளரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒரு முறை இந்த அலுவலகத்துக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போகிற உரிமையில் நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்குச் சண்டைதான் வந்திருக்கும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள். இல்லாதவர்கள் வழக்கம்போல் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போங்கள்.

அவர் சொன்னது பொய்யில்லை. இன்றைக்கு மவுஸைப் பிடித்து மேலே இருப்பதைக் கீழேயும் கீழே இருப்பதை மேலேயும் இழுத்து வைத்தால் முடிந்தது. எனக்கு அப்போது அரை நாள் ஆனது. அந்த அரை நாள் வேலையில் ஒரு பெண்ணின் பிழைப்பு போனது. அதற்குக் காரணம் மென்பொருள் அல்ல, நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஏதோ நல்லது நடக்கும் என்று எதிர்பார்த்து யாரும் வாசிக்க வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இருந்தேன். முன் அறையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும். பின் அறையில் நாங்கள் இரண்டு பேர் கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் புரோகிராம் எழுதுவோம். எனக்கு இருபத்தாறு வயது. வேலை நிரந்தரமாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்ற மிதப்பு வேறு.

எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் கிணற்று மோட்டார் விற்கிற ஒரு அண்ணாச்சி. திருநெல்வேலி ஜங்ஷனில் தலைமைக் கடை. அம்பாசமுத்திரத்திலும் ராதாபுரத்திலும் கிளைகள். மோட்டார் வாங்கியவர்களின் பெயர், ஊர், எந்த மோட்டார், எப்போது பழுதானது, எந்த மெக்கானிக் போனார், யார் புதிதாக விலை கேட்டுப் போனார்கள் என்று எல்லாவற்றையும் குறித்து வைக்க நான் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். நீங்கள் இன்றைக்கு சி.ஆர்.எம். என்று மூன்று ஆங்கில எழுத்துகளில் சொல்கிற சமாசாரம்தான். நாங்கள் அதைக் கஸ்டமர் நோட்டு என்போம்.

கருப்புத் திரையில் பச்சை எழுத்து. மவுஸ் கிடையாது. திரையில் நான்கு வரி மெனு இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஒன்று, பழுதுப் புகார். இரண்டு, முடித்த புகார். மூன்று, புதிதாக விலை கேட்டு வருகிறவர்களின் விசாரணை. நான்கு, வாடிக்கையாளர் பட்டியல். எண்ணைத் தட்டி என்டரை அமுக்கினால் அந்தப் பக்கம் திறக்கும்.

ராதாபுரம் கிளையில் இந்த வேலையைப் பார்த்தவர் எஸ்தர் அக்கா. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். பாளையங்கோட்டைக்காரர். தினமும் இரண்டு பஸ் மாறி ராதாபுரம் போய் வந்தார். வீட்டில் அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் மத்தியானம் வந்து கஞ்சி கொடுத்துவிட்டுப் போவார், மற்றபடி சாயங்காலம் அக்கா திரும்பும் வரை அந்த அம்மா தனியாகக் கிடக்க வேண்டும். ஜங்ஷன் கடைக்கு மாற்றித் தருவதாக அண்ணாச்சி சொல்லியிருந்தார். அடுத்த மாதம் அங்கே ஒரு இடம் காலியாவதாக இருந்தது. அந்த இடத்துக்காகத்தான் அக்கா ஒரு வருடமாக வாய் பேசாமல் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். ராதாபுரம் பக்கம் எல்லாம் கிணற்றுப் பாசனம். கரண்டு ஏறி இறங்கும், மோட்டார் புகையும். காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கும். இடது தோளுக்கும் காதுக்கும் நடுவில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு, வலது கையால் ஒன்று, என்டர், பெயர், ஊர், மோட்டார், என்ன கோளாறு என்று தட்டிக்கொண்டே போவார். கண் ஜன்னல் பக்கம் இருக்கும். திரையைப் பார்க்கவே மாட்டார். நான் ஒருமுறை கேட்டதற்கு, "அத என்னத்துக்குத் தம்பி பாக்கணும், பேசுதவங்க சொல்லுததக் கேட்டா போதும்லா" என்றார். மூன்று கடைகளிலும் பிழை குறைவாக இருந்தது அவருடைய பதிவில்தான்.

ஒருநாள் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். மோட்டார் கம்பெனியிலிருந்து பெரிய அதிகாரி வரப்போகிறாராம். கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதல் வரியிலேயே பழுது, புகார் என்று இருப்பது கடைக்கு நன்றாகவா இருக்கிறது என்று கேட்டார். புது விசாரணை மேலே வரட்டும், அதற்கு அடுத்து வாடிக்கையாளர் பட்டியல், புகாரெல்லாம் கீழே போகட்டும் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கடையின் முகப்பில் சரக்கைத்தானே வைப்பார்கள், பழுதான மோட்டாரையா வைப்பார்கள்? அரை நாளில் மாற்றினேன். இப்போது ஒன்றைத் தட்டினால் புது விசாரணை திறக்கும். புகாருக்கு மூன்றைத் தட்ட வேண்டும்.

இங்கே என் சோம்பேறித்தனம் ஒன்றையும் சொல்ல வேண்டும். புகாருக்கும் விசாரணைக்கும் நான் ஒரே படிவத்தைத்தான் போட்டிருந்தேன். பெயர், ஊர், போன், மோட்டார், குறிப்பு. கட்டங்கள் அதே இடத்தில் அதே வரிசையில் இருக்கும். மேலே தலைப்பில் இருக்கும் ஒரு சொல் மட்டும்தான் வேறு. ஒன்றை எழுதி இன்னொன்றுக்கு நகல் எடுத்துவிட்டால் வேலை மிச்சம் என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜங்ஷன் கடையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன். அம்பாசமுத்திரத்திலும் அப்படியே. இரண்டு இடத்திலும் புது எண்களை ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ராதாபுரத்துக்குச் சனிக்கிழமை போனேன். எஸ்தர் அக்கா ஒரு ஞானஸ்நானத்துக்காக லீவு போட்டிருந்தார். கிளை மேனேஜர் மட்டும் இருந்தார். பிளாப்பியைப் போட்டு மாற்றிவிட்டு, எண்கள் மாறியிருக்கின்றன, திங்கட்கிழமை அக்கா வந்ததும் சொல்லிவிடுங்கள் என்றேன். சொல்லிடுதேன் என்றார். வள்ளியூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. தாள் எழுதி ஒட்டினால் பஸ் போய்விடும். ஓடிப்போய் ஏறிவிட்டேன். திங்கட்கிழமை ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எங்கள் மேஜையிலும் போன் இருந்தது.

நீங்கள் இப்போது மெயில் அனுப்புகிறீர்களே, 'பின்வரும் மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளன' என்று நாற்பது பேருக்கு. அனுப்பிய பிறகு, நான்தான் சொல்லிவிட்டேனே என்று நிம்மதியாக இருக்கிறீர்களே. நான் மேனேஜரிடம் சொன்னதும் அந்த ரகம்தான். யாருடைய விரல் அந்த எண்ணைத் தட்டுகிறதோ அவரிடம் சொல்லாதவரை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் கணக்கு. இது தெரிய எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது.

மேனேஜர் மறந்துவிட்டார். திங்கட்கிழமை காலை அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஒன்றைத் தட்டினார். படிவம் வந்தது. பெயர், ஊர், மோட்டார் எல்லாம் அடித்தார். அன்றிலிருந்து ராதாபுரத்தில் பழுதான மோட்டார் எல்லாம் புது மோட்டாருக்கு விலை கேட்டவர்களின் பட்டியலில் போய் உட்கார்ந்தது. மெக்கானிக்குகள் காலையில் அக்காவின் பஸ் வருவதற்கு முன்பே மேனேஜர் அச்சடித்துக் கொடுக்கும் புகார்ப் பட்டியலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பழைய புகார்கள் இருந்தவரை நான்கைந்து நாள் ஓடியது. பிறகு பட்டியல் இளைத்தது. வேலை குறைந்தால் எந்த மெக்கானிக்காவது போய்க் காரணம் கேட்பாரா? அவர்கள் டீக்கடையில் இருந்தார்கள்.

மோட்டார் பழுதானவர்கள் மறுபடி மறுபடி போன் செய்தார்கள். அக்கா பொறுமையாக, எழுதியாச்சு, ஆள் வருவாங்க என்று சொல்லி, ஒவ்வொரு தடவையும் மறுபடி ஒன்றைத் தட்டிப் பதிந்தார். மேனேஜரிடமும் சொல்லியிருக்கிறார், இத்தனை பேர் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று. தான் அச்சடிக்கிற பட்டியலை வாசித்துக்கூடப் பார்க்காமல், சீசன் நேரம், ஆள் பத்தாது என்று அவர் சொல்லியிருக்கிறார். கிளைகளின் பதிவுகள் தினமும் பிளாப்பியில் ஜங்ஷன் கடைக்கு வந்துவிடும். அதைப் பார்த்து அண்ணாச்சிக்கோ ஒரே சந்தோஷம். ராதாபுரத்தில் விசாரணை ஏறுகிறது, புகார் இறங்குகிறது. மெனுவை மாற்றியதுமே கடைக்கு ராசி வந்துவிட்டது என்று என் முதுகில் தட்டிக் கொடுத்தார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

கம்பெனி அதிகாரி ஜங்ஷன் கடைக்கு வந்த அன்றைக்குத்தான் அது வெடித்தது. நானும் அங்கே இருந்தேன், கம்ப்யூட்டரைத் திறந்து காட்டுவதற்காக. புகார் குறைந்த கதையை அண்ணாச்சி அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒருவர் உள்ளே வந்தார். ராதாபுரத்துக்குத் தெற்கே மிளகாய் போட்டிருந்தவர். கையில் ஒரு சாக்கு. சாக்கைக் கவிழ்த்து, வேரோடு பிடுங்கி வந்த காய்ந்த செடிகளை மேஜை மேல் கொட்டினார். பூப்பிடித்த செடிகள். சத்தம் போடவில்லை.

"நாலு தடவ போன் போட்டுட்டேன் அண்ணாச்சி. நாலு தடவயும் அந்தப் பிள்ள எழுதியாச்சுன்னுதான் சொல்லுது. எங்கன எழுதுது? அத மட்டும் காட்டுங்க, நான் போயிருதேன்."

புகார்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. விசாரணைப் பட்டியலைத் திறந்து தேடினேன். நான்கு இடத்தில் இருந்தது. குறிப்புக் கட்டத்தில் 'மோட்டார் ஓடவில்லை, செடி வாடுகிறது, அவசரம்' என்று அக்கா அடித்திருந்தார். அவருக்கு மட்டுமல்ல. வரிசையாக அப்படி ஒரு கூட்டமே அங்கே கிடந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணாச்சி மெக்கானிக்கை அனுப்பச் சொல்லிவிட்டு, மறுநாள் ராதாபுரம் போகிறோம், நீயும் வா என்றார்.

அன்று மாலை என் சென்டர் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். ஒரு புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கும் என்று முகர்ந்தே சொல்லிவிடுவார். மேனேஜரிடம் சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன் என்றேன். புரோகிராமில் தப்பு இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். "அப்ப தப்பு இல்லன்னு சொல்லு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, கேக்காதத நீயா எடுத்துப் போடாத" என்றார். இந்த அண்ணாச்சியைப் பார்த்துத்தான் இன்னும் மூன்று கடைக்காரர்கள் நம்மிடம் வரப்போகிறார்கள் என்பதையும் ஞாபகப்படுத்தினார். நான் வேறு எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அண்ணாச்சியின் காரில் ராதாபுரம் போய் இறங்கினோம். அண்ணாச்சி வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மேனேஜர் என்னைப் பக்கவாட்டுச் சந்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். முகம் வெளுத்திருந்தது. "அந்தப் பிள்ளைகிட்ட சொல்ல மறந்தே போயிட்டேன் தம்பி. மக கல்யாணம் வச்சிருக்கேன். பாத்துக்கிடுங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

உள்ளே எஸ்தர் அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தார். புகாரை எப்படி எழுதுகிறாய், காட்டு என்றார் அண்ணாச்சி. அக்கா உட்கார்ந்து, ஒன்று, என்டர் என்று தட்டினார். படிவம் வந்தது. மேலே என்ன எழுதியிருக்கிறது, வாசி என்றார். அக்கா அப்போதுதான் தலையைத் தூக்கித் தலைப்பைப் பார்த்தார். வாசித்தார். புது விசாரணை என்று இருந்தது.

"பன்னெண்டு நாளா இத வாசிக்கலியாம்மா நீ?"

"இல்ல சார். நம்பர் மாறுனது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். புரோகிராமில் ஏதும் கோளாறா என்று கேட்டார். இல்லை, சரியாகத்தான் இருக்கிறது என்றேன். மாற்றியதைச் சொன்னாயா என்றார். மேனேஜரிடம் சொல்லிவிட்டேன் என்றேன். இரண்டும் உண்மை. இரண்டையும் நான் தடுமாறாமல் சொன்னேன். அடுத்து மேனேஜரைப் பார்த்தார்.

"சொன்னேன்னுதான் நெனைக்கேன் அண்ணாச்சி" என்றார் மேனேஜர்.

அக்கா மேனேஜரைப் பார்க்கவில்லை. அண்ணாச்சியையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர்தான் மறந்துவிட்டார் அண்ணாச்சி, சற்றுமுன் என்னிடமே சொன்னார் என்று நான் சொல்லியிருக்கலாம். படிவம் இரண்டும் ஒரே மாதிரி இருப்பது என் தப்பு, யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். என்ன நடந்திருக்கும்? அண்ணாச்சி என்னைத் திட்டியிருப்பார். என் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். அதிகபட்சம் வேலை போயிருக்கும். எனக்கு இருபத்தாறு வயது, கம்ப்யூட்டர் தெரியும், மதுரையில் ஒரு மாதத்தில் வேறு வேலை கிடைத்திருக்கும். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது பயம்தான் இருந்தது. நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு வேலை பார்த்தால் இப்படித்தான் என்றார் அண்ணாச்சி. எந்தத் திறமைக்காக மூன்று கடையிலும் அக்காவை மெச்சினாரோ அதுவே குற்றமாகிவிட்டது. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். ஜங்ஷன் கடையின் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அண்ணாச்சி வேறு ஊருக்குப் போவதாகச் சொல்லிக் காரில் கிளம்பிவிட்டார். நான் பஸ்ஸுக்கு நின்றேன். அக்காவும் அங்கேதான் நின்றார். சாப்பாட்டுத் தூக்கையும் பையையும் இரண்டு கையிலும் பிடித்திருந்தார். நான் தள்ளி நின்றேன். அவர்தான் என் பக்கத்தில் வந்தார்.

"அந்தச் சந்தப் பாத்துத்தான் என் ஜன்னல் இருக்கு தம்பி. மேனேஜர் ஒங்ககிட்ட சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொல்லுவீங்கன்னுதான் பேசாம இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது எதிர்ப்பேச்சு பேசித் தப்பித்திருப்பேன். பஸ் வந்தது. அவர் முன்பக்கம் ஏறினார். நான் அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

ராதாபுரத்துக்குப் புதிதாக ஒரு பெண்ணைப் போட்டார்கள். அவருக்கு ஒரு பிரச்சினையும் வரவில்லை. பழைய எண்களே தெரியாதவருக்கு எப்படி வரும்? ஆனால் அண்ணாச்சி பார்க்கிறவர்களிடமெல்லாம், புரோகிராம் சரிதான், ஆள்தான் சரியில்லை என்பதற்கு இதையே சாட்சியாகச் சொன்னார். அந்த மூன்று கடைக்காரர்களும் எங்களிடம் வந்தார்கள். நான் புகார்ப் படிவத்தின் கட்டங்களை இடம் மாற்றி, யாரும் கேட்காமலே வேறு மாதிரி ஆக்கினேன். அதற்குப் பிறகு எந்த மெனுவை மாற்றினாலும் தட்டுகிறவருக்குப் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். பொறுப்பான ஆள் என்று பெயர் வாங்கினேன். உங்களுடைய இந்த அலுவலகத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டதே அந்தப் பெயரை வைத்துத்தான்.

இதோடு முடிந்திருந்தால்கூட, சின்ன வயது, பயந்துவிட்டேன் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். ஏழெட்டு மாதம் கழித்து சென்டருக்கு ஒரு போன் வந்தது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தின் தலைமை எழுத்தர். கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டுமாம். எஸ்தர் என்று ஒருவர் மனுப் போட்டிருக்கிறாராம். அவருடைய வேலையை அறிந்தவர் என்று என் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். பள்ளிக்கூடம் அவர் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

என் முதலாளி எதிரே உட்கார்ந்து பில்லைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நல்லவர், எனக்குத் தெரியும் என்றேன். வேலை எப்படி, ஏதோ தப்பு நடந்து நிறுத்தினதாகக் கேள்விப்பட்டோமே என்றார் அந்த எழுத்தர். முதலாளி பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் சொன்ன பதிலை ஒரு சொல் மாறாமல் எழுதுகிறேன்.

"நான் புரோகிராம் மட்டும்தான் சார் போட்டுக் குடுத்தேன். வேலையப் பத்தி அவங்க அண்ணாச்சிகிட்டயே கேட்டுக்கோங்க."

அண்ணாச்சி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். சரி தம்பி, ரொம்ப நன்றி என்று அவர் போனை வைத்தார். முதலாளி மறுபடி பில்லைப் பார்க்க ஆரம்பித்தார்.

எஸ்தர் அக்காவுக்கு அந்த வேலை கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் பல வருடம் வேலைக்குப் போய் வந்தேன். உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.